அம்மை தின்று முடித்த முகம்

அன்றைக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். அடைத்த அறைக்குள் தம்பி அழுதான், ஓய்ந்தான், மறுபடி அழுதான். எனக்கு எட்டு வயது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு, மைசூரில் எங்கள் தெருவுக்குப் பெரியம்மையும் வந்திருந்தது.

அம்மை குத்துகிறவர் வந்த அன்று என் கையைப் பிடித்து நீட்டிய அம்மா, பல் முளைக்கிற காய்ச்சலில் கிடந்த தம்பியைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவிட்டு, "குழந்தை ஊருக்குப் போயிருக்கு" என்றாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், கூசாமல் சொன்னாள். என் கையில் ஒரே ஒரு கொப்புளம் எழுந்து, காய்ந்து, உதிர்ந்தது. தம்பிக்கு மூன்றாம் வாரம் உடம்பெல்லாம் எழுந்தது.

அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். சின்ன வயதில் அம்மை குத்திக்கொண்ட பழைய காவலை நம்பி உள்ளே போகாதே என்று டாக்டர் தடுத்துவிட்டார். குழந்தையை ஊருக்கு வெளியே தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வரும் என்றார். அப்பாவின் அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

அத்தையின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. கல்யாண வீடுகளில் அவளைப் பின்வரிசைக்கு அனுப்புவார்கள். அம்மை கண்ட வீடுகளிலிருந்து மட்டும் ஆள்விட்டுக் கூப்பிடுவார்கள்.

"என்னை ஒருதரம் தின்னு முடிச்சாச்சு, டாக்டரே. எச்சில் இலைல அது மறுபடி உக்காராது."

டாக்டர் சிரித்துவிட்டார். ஒருதரம் வந்து போன நோயை உடம்பு அடையாளம் வைத்துக்கொள்ளும், மறுபடி வந்தால் வாசலிலேயே துரத்திவிடும் என்று ஒத்துக்கொண்டார். வண்டி வேண்டாம், நாற்பது நாள் இருவரும் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்றார்.

சொறியாமல் இருக்கத் தம்பியின் கைகளைத் துணியால் சுற்றினாள் அத்தை. உதிர்ந்த பொருக்கைக் காகிதத்தில் பொறுக்கி எரித்தாள். நான் ஜன்னலில் தொற்றினால், "தள்ளி நில்லுடி! இந்தப் பொருக்கு ஒண்ணு போதும், தெருவே படுத்துரும்" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோலாரிலிருந்து ஒருவர் மாதா கோவிலில் வைத்து அத்தையைப் பார்ப்பதாக இருந்தது. மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். கோவில் உபதேசியார் ஆறு மாதம் நடையாய் நடந்து பேசிய சம்பந்தம். அத்தையின் நீலப் புடவை மடிப்புக் கலையாமல் பெட்டிமேல் இருந்தது.

"நாப்பது நாள் பொறுப்பாரான்னு உபதேசியார்கிட்ட கேளு. மெதுவா கேளுடி."

பூசை முடிந்து எதிர்ச்சாரியில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உபதேசியார் வந்து நின்றார். நான் தெருவே கேட்கக் கத்தினேன். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"ரயிலேறிட்டார் பாப்பா. அம்மை வீட்டுச் சகவாசமே வேணாம்னுட்டார்."

ஓடிவந்து ஜன்னலில் ஒப்பித்தேன்.

"சரி. தம்பிக்கு இளநீர் சீவச் சொல்லு."

அத்தை கோலாருக்குப் போகமாட்டாள் என்று கொல்லை முழுக்கக் குதித்தேன்.

தம்பி பிழைத்தான். நெற்றியில் இரண்டே தழும்பு. ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன என்றார்கள். ஆனால் இத்தனை வயதிலும் என்னை உட்காரவிடாமல் எழுப்புவது அந்த ஞாயிற்றின் மத்தியானம்தான். அழுகை ஓய்ந்து தம்பி அயர்ந்து தூங்கிவிட்டிருந்தான். கதவுக்குப் பின்னால் அத்தையின் குரல் மட்டும் விடாமல் கேட்டது: "சொறியாத கண்ணு... சொறியாத... ஆறிரும்."

தூங்குகிறவன் எப்படிச் சொறிவான் என்று எனக்கு ஒரே சிரிப்பு.