படகு எந்தப் பக்கம்

அக்காவின் கணவரான என் மாமாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துவார். கடுகளவு திருகாணியை இடுக்கியால் எடுத்து ஒரே முயற்சியில் மாட்டிவிடுவார். கை அவ்வளவு நிதானம். மனம்தான் ஒரு நிலையில் நிற்காது. செருப்பு வாங்கப் போனால் கடை சாத்தும்வரை யோசித்துவிட்டுப் பழைய செருப்போடு திரும்பி வருவார்.

கடலை அவர் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறார். அப்படிப்பட்டவர் ஆறு வருடமாக ஒரு போர்க்கப்பல் கட்டினார். கடைக்கு லென்ஸ் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாளில் அதன் படம் இருந்ததாம். அதைப் பார்த்ததும் ஏன் கட்டத் தோன்றியது என்று அக்கா கேட்டாள்.

"தெரியலையே," என்றார். எனக்கும் இன்றுவரை புரியவில்லை.

நிஜக் கப்பலில் ஒரு மீட்டர் என்றால் இவருடையதில் ஒரு சென்டிமீட்டர். மெல்லிய பலகையில் உடம்பு, செம்புக் கம்பியில் கைப்பிடி, உடைந்த லென்ஸ் சில்லில் ஜன்னல். ஊசிமுனையால் பசைப் புள்ளி வைத்து ஆயிரக்கணக்கில் ஆணித்தலைகள். எல்லாம் சாப்பாட்டு மேசையின் மேல்.

"கப்பல் மேசையில ஏறிடுச்சு, நாம தரையில இறங்கிட்டோம்," என்பாள் அக்கா, தட்டை மடியில் வைத்துக்கொண்டு.

கடைசியில் ஒரே ஒரு சிறுபடகு பாக்கி. அது கப்பலின் ஒரு பக்கத்தில் மட்டும் தொங்கும். எந்தப் பக்கம் என்பதில்தான் வந்தது வினை. வானத்திலிருந்து எடுத்த பத்திரிகைப் படத்தில் படகு வலது பக்கம். அந்தக் கப்பலில் சமையல்காரராக இருந்த ஒரு பெரியவரை மாமா தேடிக் கண்டுபிடித்திருந்தார். அவர் அனுப்பிய குழுப்படத்திலோ இடது பக்கம். மாலுமிகள் கப்பலின் மூக்குக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்க, பின்னால் இடது ஓரத்தில் படகு தெரிந்தது. போனில் கேட்டாலும் பெரியவர் அடித்துச் சொன்னார்: "இடது கைப்பக்கம்தான் தம்பி. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

மாமா வலதில் ஒட்டினார், பிரித்தார். இடதில் ஒட்டினார், பிரித்தார். மறுபடி வலது, மறுபடி இடது. பலகை உரிந்து உரிந்து சல்லடையாகிவிட்டது. இன்னொரு முறை ஒட்டிப் பிடுங்கினால் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை பெரியவரே நேரில் வருவதாக இருந்தது.

"அந்தக் கப்பல்ல இருந்த ஆள் எனக்குக் கிடைச்சது அவர் ஒருத்தர்தான். இது எங்க கப்பல் இல்லைன்னு அவர் சொல்லிட்டா, நான் ஆறு வருஷம் என்னத்தக் கட்டினேன்?" என்றார் மாமா. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். தையல் கடைச் சட்டைகளை வாங்கி வந்து பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டன் கட்டிக் கொடுப்பது என் வேலை. சனிக்கிழமை மேசையைத் துடைக்கும்போது குழுப்படம் கண்ணில் பட்டது. எல்லோரும் படகைத்தான் பார்த்திருந்தார்கள். நான் சட்டையைப் பார்த்தேன். ஆண்கள் சட்டையில் போட்டிருப்பவரின் இடப்பக்கத் துணிதான் மேலே படியும். காஜாவும் அதில்தான். படத்தில் இருந்த பதினொரு பேருக்கும் வலப்பக்கத் துணி மேலே இருந்தது, பெண்கள் சட்டைபோல. கைக்கடிகாரங்களும் வலது மணிக்கட்டில்.

எனக்கே சந்தேகம். கப்பற்படையில் அப்படித்தான் தைப்பார்களோ? ஆறாம் வகுப்போடு நின்றவள் கப்பலைப் பற்றிப் பேசலாமா? தைத்து முடித்த ஒரு சட்டையை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

மாமா சட்டையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். "என் சட்டை ஒழுங்காத்தானே இருக்கு?"

"உங்களது சரிதான் மாமா. படத்துல இருக்கிறதுதான் மாறியிருக்கு."

உள்ளே போய்க் கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து படத்துக்கு நேராகப் பிடித்தார். அதில் எல்லோர் பட்டனும் சரியாகிவிட்டது. படகும் இடம் மாறியது.

"ஸ்டுடியோவுல பிலிமைத் திருப்பிப் போட்டுட்டானா! அப்போ வலதுதான்," என்றவர் மறுநொடியே உட்கார்ந்துவிட்டார். "ஆனா பெரியவர் இடதுங்கிறாரே. அவர் பிலிம் இல்லையே, மனுஷனாச்சே!"

இடதில் ஒட்டியிருந்த படகை மெல்லப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஞாயிறு காலை பெரியவர் உள்ளே நுழையும்போதும் அது கையில்தான் இருந்தது.

பெரியவர் கப்பலை ஒரு சுற்று சுற்றினார். "படகு எங்கே?"

"நீங்கதான் சொல்லணும் ஐயா."

"இடதுன்னு எத்தனை தடவை சொல்றது? சமையலறைக் கதவைத் திறந்து வெளியே வந்தா, இடது கைப்பக்கம் படகு."

அந்தக் கதவை மாமா முன்பே வைத்திருந்தார், மிளகளவு கைப்பிடியோடு. அது கப்பலின் பின்பக்கம் பார்த்துத் திறக்கும். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"வெளியே வரும்போது நீங்க எந்தப் பக்கம் பார்த்து நிப்பீங்க?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாமா உரக்கத் திருப்பிக் கேட்டார்.

பெரியவர் மூலையில் இருந்த எங்கள் வாளியைத் தூக்கினார். கப்பலின் மூக்குக்கு முதுகைக் காட்டி நின்று நாலு எட்டு நடந்தார். "கழிவைக் கொட்டப் பின்னாடிதான் போவேன்... இதோ கதவு... இதோ என் இடது கை..." இடது கை கப்பலின் வலது பக்கத்தில் இருந்தது.

கையை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கப்பலின் வலது விளிம்பில் விரலை வைத்தார். "இங்கதான். வாளி தினமும் படகுல இடிக்கும். இங்கதான்!"

மாமா அவர் விரல் இருந்த இடத்திலேயே பசை வைத்தார். படகு உட்கார்ந்தது.

பெரியவர் குழுப்படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "இத்தனை வருஷமா கேப்டனுக்கு வலது பக்கம் நின்னேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே. அப்போ நான் எங்கதான் நின்னேன்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"எங்க நின்னா என்னங்க," என்றாள் அக்கா. "இப்போ தரையிலதான் உட்காரணும். சாப்பிட வாங்க."