அத்தை திட்டிக்கொண்டே ஓடினாள்

ஏழாம் வகுப்பு படித்தபோது எனக்கு உருப்படியாகத் தெரிந்திருந்த ஒரே விஷயம், மூச்சு விடுவது எப்படி என்பதுதான். எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த விளையாட்டு டீச்சர் மூன்று வகுப்புகள் முழுக்க அதையே சொல்லிக்கொடுத்தார். ஓடும்போது மூக்கால் இழுக்க வேண்டும், வாயால் விட வேண்டும். காலடிக்கும் மூச்சுக்கும் ஒரு தாளம் இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கி வைக்கக் கூடாது. கணக்கும் ஆங்கிலமும் என்னைக் கைவிட்டிருந்த வருஷம் அது. இதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம் என்று பிடித்துக்கொண்டேன். ஆனால் கற்ற வித்தையைக் காட்ட ஒரு ஆள் வேண்டுமே. வீட்டிலேயே ஆள் கிடைத்தது.

அப்பாவின் தங்கை அப்போது கூடுவாஞ்சேரியில் எங்களோடு இருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம் திண்டிவனம் பக்கம் குடித்தனம் நடத்தியவள், ஒரு நாள் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள் என்றார்கள். ஒரு வருஷம் ஆகியும் போகவில்லை. எனக்கு அதில் லாபம்தான். இறுக்கமாக ஜடை போட்டுவிடுவாள், பாயில் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி என்றும் தோன்றவில்லை.

அந்த ஒரு வருஷத்தில் அத்தை போலீஸ் வேலைக்கு விண்ணப்பம் போட்டு, எழுத்துத் தேர்வும் எழுதித் தேறிவிட்டாள். விண்ணப்பம் போட்டபோது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியுமாம். தேறிய பிறகுதான் அப்பாவுக்குச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போனார். ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார் அப்பா. எதையும் உடனே சொல்கிற ஆள் இல்லை.

அடுத்தது உடல் தகுதித் தேர்வு. நானூறு மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதில் தவறினால் மற்ற எதற்கும் நிற்கவே விடமாட்டார்கள். தினமும் விடிந்ததும் அத்தை ஏரிக்கரைக்கு ஓடப் போனாள். செல்போனில் நேரம் பார்க்கும் அதிகாரம் எனக்குத் தரப்பட்டது.

முதல் நாளே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அத்தைக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது. புறப்படும்போது அம்பு மாதிரிதான் புறப்படுவாள். ஆனால் கிணற்றில் குதிக்கப் போகிறவள் போல வாயை இறுக்கி மூடி, நெஞ்சு நிறையக் காற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நூறு மீட்டர் தாண்டியதும் முகம் கறுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கரையில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் டீச்சரின் குரலிலேயே, அடக்கக் கூடாது, விட வேண்டும் என்றேன்.

“விட்டுகினுதான்டி கீறேன்” என்றாள் அத்தை.

அவள் விடவில்லை. அவளுக்கே அது தெரியவும் இல்லை. மறுநாளும் அப்படியே, அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. மூக்கு, வாய், தாளம் என்று நான் எவ்வளவு விளக்கியும் நூறு மீட்டர் நூற்றைம்பது ஆனதே தவிர, அதற்கு மேல் நகரவில்லை. கடைசியில் என் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு வழி சொன்னாள். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஓடினால் மூக்கு தானாக வேலை செய்யுமாம். நான் அதை டீச்சர் சொன்னதாகவே அத்தையிடம் சொன்னேன். பாவம், நம்பினாள். எண்பதாவது மீட்டரில் புரையேறி, கண் பிதுங்கி, கரைச் சரிவில் உருண்டு விழுந்தாள். முழங்கால் தோல் வழண்டுவிட்டது. நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தவளைப் பார்த்த அப்பா, இதெல்லாம் நமக்குத் தேவையா என்று முதல் முறையாகக் கேட்டார்.

அந்த வாரம்தான் மாமா வந்தார். அத்தையின் கணவர். எனக்கு அவரைப் பிடிக்கும். எப்போது வந்தாலும் பெரிய பாக்கெட் மிட்டாய் வாங்கி வருவார், சிரித்துச் சிரித்துப் பேசுவார். அன்றும் அப்படித்தான். பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டீயைக் குடித்தபடி, நடந்தது நடந்துபோச்சு, அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறேன் என்று அப்பாவிடம் தணிந்த குரலில் பேசினார். நான் மிட்டாயைப் பிரித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அத்தை கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில், கதவோரமாக நின்றிருந்தாள். மிட்டாயை நீட்டினேன். வாங்கவில்லை. அவள் நெஞ்சு அசையவே இல்லை. நான் கையில் இருந்த செல்போனில் நேரம் பார்த்தேன். நாற்பது விநாடி. பிறகு சத்தமில்லாமல் கொஞ்சூண்டு காற்றை விட்டு, மறுபடியும் அடக்கிக்கொண்டாள். வெளியே மாமா நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டபோது அந்தக் கொஞ்சமும் நின்றுபோனது.

இந்த நேரத்திலும் தப்பான பயிற்சி செய்கிறாளே என்று எனக்குக் கோபமாக வந்தது. மாமா போன பிறகு அம்மாவிடம் புகாரும் செய்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மாமா குடித்துவிட்டு வைத்த டம்ளரை எடுத்தாள். அப்பாதான் பேச்சை ஆரம்பித்தார். அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள், அவரும் தணிந்துதான் வந்திருக்கிறார், அனுப்பி வைத்துப் பார்க்கலாமா என்றார்.

அம்மா டீ டம்ளரைக் கழுவிக்கொண்டே, “அது ஓடி முடிக்கட்டும். அப்பால பேசிக்கலாம்” என்றாள்.

தேர்வுக்கு இன்னும் பத்து நாள் இருந்தபோது, கடப்பாக்கத்தில் அம்மாவின் அண்ணன் வீட்டில் காதுகுத்து. குடும்பத்தோடு பஸ் பிடித்துக் கடலோரச் சாலையில் போனோம். பந்தி முடிந்து பெரியவர்கள் வெற்றிலை போட உட்கார்ந்ததும், நானும் அத்தையும் கோட்டை இடிந்து கிடக்கும் கடற்கரைப் பக்கம் நடந்தோம். அப்பாவும் பின்னாலேயே வந்து, சுவர் நிழலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். ஈர மணலில் ஒரு சுற்று ஓடிப் பார்க்கலாம் என்று அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, போனை என்னிடம் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து அது அடித்தது. மாமாவின் பெயர்.

எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. தேர்வு அன்றைக்கு மாமாவும் வந்து பார்த்தால் அத்தைக்கு உற்சாகமாக இருக்கும் இல்லையா.

“நானே மாமாவை வரச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு போனோடு ஓடினேன்.

வேடிக்கையாகத்தான் ஓட ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தபோது அத்தையின் முகத்தைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது. பயம் வந்ததும் நின்றிருக்க வேண்டியவள், இன்னும் வேகமாக ஓடினேன். பின்னால் அத்தை வந்தாள். முதலில் சத்தமே இல்லை. அவள் காலடி மட்டும் ஈர மணலில் சப் சப் என்று கேட்டது. பிறகு ஒரு இடத்தில் அவள் வாய் திறந்துகொண்டது.

“எரும… குடுடி… பிசாசே… குடுடி.”

அந்த மாதிரி அவள் யாரையும் திட்டி நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் அவள் குரல் சமையலறையைத் தாண்டாது. இப்போது கடல் சத்தத்தையும் மீறிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு வசவு. பன்னி, கழுத, தரித்திரம், மூதேவி என்று எனக்குத் தெரிந்தது, தெரியாதது எல்லாம் வந்தது. ஏற்றி வைத்திருந்த படகுகளைத் தாண்டி, காயப்போட்டிருந்த வலையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். முகத்துவாரத்துக்குக் கிட்டே, அதற்கு மேல் தண்ணீர் என்ற இடத்தில் என் ஜடை அவள் கையில் சிக்கியது. போன் எப்போதோ அடித்து ஓய்ந்திருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு முதுகில் ஒரு அடி வைத்தாள். நான் அழவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்திருந்தது. தோள் ஏறி ஏறி இறங்கியது. இடுப்பைப் பிடிக்கவில்லை, உட்காரவில்லை.

“அத்த, நிக்காமயே ஓடியாந்துட்ட” என்றேன்.

அத்தை திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள். கோட்டைச் சுவர் எங்கேயோ தூரத்தில் சிறிதாக இருந்தது. அங்கிருந்து எங்கள் காலடித் தடத்தை ஒட்டி அப்பா வந்துகொண்டிருந்தார். ஓடி வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஒரே சீராக எட்டு வைத்து, உதடு அசைய எதையோ எண்ணிக்கொண்டு வந்தார். எங்கள் கிட்டே வந்து நின்றதும் என்னைத் திட்டவும் இல்லை, என்ன நடந்தது என்று கேட்கவும் இல்லை.

“ஐந்நூறு மீட்டருக்கு மேல கீது பாப்பா” என்றார் அத்தையிடம்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் மறுநாளிலிருந்து ஏரிக்கரைக்கு எங்களோடு அவரும் வந்தார். அளவு நாடாவை வைத்து நானூறு மீட்டரை அளந்து, இரண்டு முனையிலும் கல் நட்டார். பைக்கில் வந்து மாமா ஒரு முறை நின்றபோது, அப்பா அவரை வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. டீச்சர் சொன்ன தாளத்தை நான் கொஞ்சம் திருத்திக்கொண்டேன்: மூக்கால் இழுக்க வேண்டும், வாயால் திட்ட வேண்டும். நான் முன்னால் ஓட, அத்தை என்னைத் திட்டிக்கொண்டே துரத்துவாள். மூச்சை அடக்கிக்கொண்டு யாரும் யாரையும் திட்ட முடியாது என்பதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று நெடுநாள் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

தேர்வு நாள் அப்பாவுக்கு டூட்டி. அம்மா தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மைதானம். உள்ளே எங்களை விடவில்லை. கம்பி வேலிக்கு வெளியே, வந்திருந்த அம்மாக்களும் அண்ணன்களும் புருஷன்மார்களும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சிலருடைய இடுப்பில் உள்ளே ஓடப்போகிறவர்களின் குழந்தைகள். நாங்கள் வளைவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம்.

விசில் அடித்ததும் எல்லோரும் பாய்ந்தார்கள். அத்தை பாயவில்லை. ஏரிக்கரையில் பழகிய அதே வேகம். எட்டு பேரில் ஏழாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டியது. பாதி வட்டம் தாண்டும்போது முன்னால் போன ஒரு பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இன்னொருத்தி நடக்க ஆரம்பித்தாள். அத்தை அவர்களைத் தாண்டி எங்கள் வளைவுக்கு வந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் கம்பியில் காதை வைத்தேன்.

“போடா… போ… போடா… போ…”

ஒவ்வொரு எட்டுக்கும் ஒன்று. எங்களைத் தாண்டிப் போனாள், எங்களைப் பார்க்கவில்லை.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. பத்து நாளாக அவள் என்னைத்தான் திட்டிக்கொண்டு ஓடுகிறாள். எருமை, பன்னி, போடி, எல்லாம் எனக்கு உரியவை. இந்த ‘டா’ எங்கிருந்து வந்தது? அம்மாவிடம் கேட்டேன். அவசரத்தில் வாய் குழறியிருக்கும் என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

இரண்டு நிமிடம் பத்தொன்பது விநாடி. அத்தை முடிவுக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் இன்னும் இருபது அடி ஓடிவிட்டாளாம். நேரம் குறித்த போலீஸ் மேடம் அவளைக் கூப்பிட்டு, யாரைம்மா இவ்வளவு நேரம் திட்டின என்று கேட்டிருக்கிறார். மூச்சுதான் விட்டேன் மேடம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்து நீளம் தாண்டினாள், குண்டு எறிந்தாள், அதற்கும் பிறகு என்னென்னவோ சுற்றுகள் இருந்தன. மறு வருஷம் பயிற்சிக்குப் போனாள். இன்றைக்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு ஸ்டேஷனில் ஏட்டு அவள். குரல் தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

தேர்வு நாள் மத்தியானம் திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. லேடீஸ் பெட்டியில் மூவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். வண்டலூர் வருவதற்குள் அத்தை அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் திறந்து, குறட்டை விட்டு, எச்சில் வழிய, அப்படி ஒரு தூக்கம். ஒரு வருஷம் அவள் பக்கத்தில் படுத்திருக்கிறேன். அவள் குறட்டை விட்டு நான் கேட்டதில்லை. எதிர் இருக்கையில் இருந்த பெண் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. தோளை அசைக்காமல் நேராக உட்கார்ந்திருந்தாள்.

கூடுவாஞ்சேரி வந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அம்மா எழவில்லை.

“உக்காரு. தூங்கட்டும்” என்றாள்.

வண்டி கிளம்பிவிட்டது. எங்களிடம் இருந்ததோ கூடுவாஞ்சேரி வரைக்குமான டிக்கெட். பொத்தேரியில் கல்லூரிப் பெண்கள் ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி பரிசோதகராக இருப்பாளோ என்று உற்று உற்றுப் பார்த்தேன். மறைமலை நகர் போயிற்று, சிங்கப்பெருமாள்கோயில் போயிற்று. போலீஸ் ஆகப் போகிற அத்தையை டிக்கெட் இல்லாமல் அழைத்துப் போகிறாளே இந்த அம்மா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செங்கல்பட்டு ஏரி வெயிலில் மின்னிக்கொண்டு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அப்போதும் அம்மா எழவில்லை. இதே வண்டிதான் திரும்பப் போகும், பேசாமல் இரு என்று கையால் சைகை காட்டினாள்.

வண்டி மறுபடி புறப்பட்டபோது பார்த்தேன், அம்மாவின் கண் கலங்கி, கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் அத்தை விழித்துக்கொள்வாள் என்று அப்படியே விட்டிருந்தாள். என்னாச்சு என்று கேட்டேன். ஜன்னல் காற்று என்றாள்.

நான் எழுந்து போய், சத்தம் வராமல் ஜன்னல் கதவை இறக்கிவிட்டேன்.