சாம்பல் புதனன்று வந்த மாப்பிள்ளை

எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் முதலில் எரிச்சல்தான் வரும். நம்பிக்கை இல்லாமல் இல்லை. என் கல்யாணம் தள்ளிப்போன அந்த வருஷம் அதைச் சொன்னவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுப் பலகாரத்தைத் தின்றுகொண்டே சொன்னார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கடலோரத் திரேஸ்புரம். மாப்பிள்ளைக்கு, கொழும்புக்குப் பாய் விரித்துச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் வேலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம். ஏசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் முடியும்வரை கோயிலில் தாலி கட்ட விடமாட்டார்கள். அதனால் முந்தின திங்கட்கிழமையைக் குறித்தார்கள். இப்படி ஓரத்திலா கொண்டுபோய் வைப்பார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்பாவிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்கே கதவுக்குப் பின்னால் நிற்பவள் நான்.

ஞாயிறு வந்தது, தோணி வரவில்லை. நடுக்கடலில் காற்று விழுந்து தோணி அசையாமல் நிற்கிறது, ஆட்கள் சுகம் என்று மோட்டார் வள்ளத்தில் வந்தவர்கள் சொன்னார்கள்.

“மாப்பிள்ள உங்க கூட ஏறி வந்திருக்கலாம்லா?” என்றாள் அம்மா.

“தோணிய விட்டுட்டு வந்தா நாளைக்கு எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?”

திங்கள் போனது. செவ்வாயும் போனது. கல்யாணச் சீலை பெட்டிக்குள் போனது.

“ஏளா, மூஞ்சியத் தூக்கி வைக்காத. ஆண்டவர் சித்தமில்லாம காத்து அடிக்குமா?” என்றபடி சித்தி இன்னொரு அதிரசத்தை எடுத்தாள்.

அடிக்கவில்லையே, அதுதானே சங்கதி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

புதன் காலை நெற்றியில் சாம்பலோடு நான் திரும்பும்போது, தாடியும் அழுக்குமாகக் கோயில் வரிசையின் கடைசியில் மாப்பிள்ளை நின்றார். தோணி அப்போதுதான் கரை சேர்ந்திருந்தது. ஒரு நாள் முந்தி அந்தக் காற்றை அனுப்பியிருந்தால் ஆண்டவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

அதோடு விட்டதா? “மூணு ஓலை வாசிச்சும் தாலி ஏறல. இந்தப் பொண்ணு வேண்டாம்னு ஆண்டவரு காட்டுதாரு” என்று மாப்பிள்ளையின் பெரியம்மா குழாயடியில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து, பாஸ்குக்குப் பிறகாவது கல்யாணம் நடக்குமா என்ற கேள்வியோடுதான் படுத்தேன், எழுந்தேன். சித்திக்கும் ஆண்டவர் சித்தம், அவளுக்கும் ஆண்டவர் சித்தம். என்னிடம் மட்டும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதையில் முழங்காலில் நின்று அவரோடு சண்டை போட்டேன். வீட்டிலும் அடுப்படியில் நின்று போட்டேன். மனுஷரிடம் பேசாதவள், அவரிடம் அவ்வளவு பேசினேன். கேட்பார் என்ற நம்பிக்கை இல்லாதவள் தினமும் போய்ச் சண்டை போடுவாளா?

தவக்காலம் பாதி போயிருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால்.

“மாமா, அடுத்த நடைக்கு நான் போகல. தாலி கட்டிட்டுத்தான் தோணி ஏறுவேன்.”

அப்பா தொண்டையைச் செருமினார். “உங்க பெரியம்ம என்னமோ சொல்லுதாவளாமே, ஆண்டவரு காட்டுதாருன்னு?”

“எனக்கு ஒண்ணும் காட்டல மாமா. காத்துதான் நின்னுச்சு.”

கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்று மட்டும் ஆண்டவரோடு சண்டை இல்லை. மறுநாள், இன்னும் இத்தனை வாரமா என்று மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

பாஸ்கு முடிந்து, வேகாத வெயிலில் எல்லாப் பலகாரத்தையும் திரும்பச் சுட்டு, தாலி ஏறியது. கோயில் வாசலுக்கு வந்தோம். கடற்காற்று என் முக்காட்டைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. மாப்பிள்ளை கடலைத் திரும்பிப் பார்த்தார்.

“நல்ல காத்து” என்றார்.

“அப்பமே அடிச்சிருந்தா என்னவாம்?” என்றேன்.

அவர் காதில் விழுந்த என் முதல் பேச்சு அது. அவரிடம் கேட்டேனா, ஆண்டவரிடம் கேட்டேனா, எனக்கே தெரியாது. மாப்பிள்ளை சிரித்துவிட்டார்.