சேலை பார்க்கப் போய் வாங்கிய வீடு

என் கணவருக்கு ஒரு வீடு பிடித்துப்போக, அங்கே நல்ல காப்பி கிடைத்தால் போதும். எழுபதுகளின் நடுவில் அவருக்கு ஆரணிக்கு மாற்றலாகி, ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் பொங்கலுக்குப் பொங்கல் வாடகையை ஏற்றிக்கொண்டே போனார். இதற்குச் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். ஆபீஸ் விட்டு வரும் வழியில் அவர் வீடு பார்த்துவிட்டு வருவார்.

"எத்தினி ரூமு?" என்று கேட்பேன்.

"அதெல்லாம் கீது. எவ்ளோ தங்கமான மனுஷங்க தெரியுமா!" என்பார்.

அவருடைய அக்கா அப்போது எங்களோடுதான் இருந்தார். மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, சந்தவாசலில் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வந்தவர். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். மாட்டுச் சந்தைக்குத் தானே போய் உழவு மாடு பிடித்து வந்தவர். தம்பியின் பேச்சைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்.

"மாடு வாங்கப் போனா மாட்டுக்காரன் மூஞ்சியவாடா பாப்பாங்க? மாட்டோட பல்ல பாக்கணும்."

ஒரு நாள் இவர் ரொம்பக் குஷியாக வந்தார். நெசவாளர் தெருவில் மொட்டை மாடி வைத்த ஒரு மெத்தை வீடு. சொந்தக்காரர் தறியை விட்டுவிட்டு பெங்களூரில் மகனோடு போய் இருக்கப் போகிறாராம். அதனால் விற்கிறாராம். காப்பி பிரமாதமாம்.

"நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துடணும். செய்யாறுல இருந்து ஒரு பார்ட்டி வேற வந்துகினு கீதாம்."

"எல்லா வூட்டுக்கும் ஒரு செய்யாறு பார்ட்டி வருவான். நீ பேசாம ஆபீசுக்குப் போ" என்றார் அண்ணி.

மறுநாள் அவர் கிளம்பிப் போனதும், அண்ணி என்னைப் பார்த்து, "புடவைய மாத்திக்க. சேலை வாங்கப் போறோம்" என்றார்.

"இப்ப எதுக்கு சேலை?"

"வூடு பாக்க வந்தோம்னு சொன்னா கூடத்துல உக்கார வெச்சி காப்பி குடுத்து அனுப்பிடுவாங்க. சேலை பாக்க வந்தோம்னு சொன்னா, வெளிச்சத்த தேடிகினு வூடு பூரா சுத்தலாம்."

ஆரணியில் தறி இருக்கும் வீட்டு வாசலில் நின்று சேலை இருக்கிறதா என்று கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. பல நாள் பெய்த ஐப்பசி மழை விட்டு அன்றுதான் வெயில் எட்டிப் பார்த்திருந்தது. அண்ணி நாள் பார்த்துத்தான் கிளப்பியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி கூடத்தில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. கூடத்தின் நடுவே தறிக்குழி. தறியைக் கழற்றிவிட்டதால் பள்ளம் மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. சேலை இருக்கிறதா என்று கேட்டதும் அந்த அம்மாள் உள்ளே போய் ஒன்று எடுத்து வந்து விரித்தார். அரக்கு உடல், பச்சைக் கரை.

"இது அரக்கா, கத்திரிப்பூ கலரா? இந்த வெளிச்சத்துல தெரியலியே" என்று அண்ணி ஆரம்பித்தார்.

சேலையோடு அறைக்குள் போனார். அங்கே ஒரே சுவரில் காலண்டரும் சாமி படங்களுமாக நெருக்கி மாட்டியிருந்தது. அண்ணிக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. ஒரு படத்தைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றிக்கொள்ளும் சாக்கில் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். மழை ஈரம் ஊறி ஓதம் பிடித்துச் சுண்ணாம்பு பொத்துக்கொண்டு நின்றது. அடுத்த படத்தையும் கும்பிட்டார். அங்கேயும் அதே கதை. அடுக்களை வாசலில் கொண்டை ஊசியை எடுத்துத் தலையைச் சொறிவது போல் சொறிந்து, அதே ஊசியால் நிலைப்படியைக் குத்திப் பார்த்தார். ஊசி இறங்கவில்லை, கரையான் அரிக்காத மரம். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சிரிப்பை அடக்க நான் இருமினேன். அந்த அம்மாள் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"தண்ணி ருசியா கீதே! உங்க கிணறா?" என்று அண்ணி சேலையோடு தோட்டத்துக்கே போய்விட்டார். கிணற்றின் நடுவே குறுக்குச் சுவர் எழுப்பியிருந்தது. எட்டிப் பார்த்தார்.

"மாடிக்குப் போனா கலரு இன்னும் நல்லா தெரியும், வாங்க" என்று அந்த அம்மாளே கூப்பிட்டார். அண்ணிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது மாதிரி. விறுவிறுவென்று படி ஏறினார்.

மாடியில் காலை வைத்ததும் அந்த அம்மாள் சொன்னார்: "அந்த மூலைல பாத்துப் போங்க. தளம் வெடிச்சி கீது. அங்கதான் ஒழுவுது." பிறகு அண்ணியின் கையிலிருந்த சேலையை வாங்கி மடிக்கத் தொடங்கினார். "சேலைய பாத்துட்டீங்க. வூட்டயும் பாத்துட்டீங்களா, இன்னும் எதுனா பாக்கி கீதா?"

அண்ணி கொண்டை ஊசியை எடுத்து, இந்த முறை நிஜமாகவே தலையைச் சொறிந்தார்.

"எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"நேத்து வந்தாரே அவரோட மூக்கு அப்பிடியே இவங்க மூஞ்சில கீது. அதுவுமில்லாம, சேலை வாங்க வர்றவங்க கிணத்த எட்டிப் பாத்து நான் பாத்ததில்ல."

மூன்று பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தோம். பிறகு அந்த அம்மாள் தன் வீட்டின் குறைகளைத் தானே சொன்னார். "ஓதம் மேல இருந்து இறங்குது. தளத்த சரி பண்ணா நின்னுடும். அடில இருந்து ஏறிச்சின்னா, வாங்காதீங்கன்னு நானே சொல்லியிருப்பேன். கிணத்துல பாதி பக்கத்து வூட்டுக்காரங்களுது. பத்திரத்துல தெளிவா எழுதி வாங்கிக்குங்க. எங்க வூட்டுக்காரரு அத சொல்ல மறந்துடுவாரு."

"செய்யாறு பார்ட்டி?" என்றார் அண்ணி.

"அதுவா? அது அவரு நெய்யுற சரக்கு." மடித்த சேலையை நீட்டினார். "இவ்ளோ சொல்லியிருக்கேன். இத பையில போட்டுத் தரட்டுமா?"

அண்ணி அதற்குப் பேரம் பேசவே இல்லை. பேரத்தை எல்லாம் வீட்டுக்கு வைத்துக்கொண்டார்.

விலை பேசப் போனபோது, "நீ காப்பி குடிக்க மட்டும் வாயத் தொற" என்று தம்பிக்குச் சொல்லித்தான் அழைத்துப் போனார். மூலையில் ஒழுகுவதையும், படத்துக்குப் பின்னால் இருக்கும் ஓதத்தையும், பாதிக் கிணற்றையும் அண்ணி ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க, வீட்டுக்காரருக்கு வேர்த்தது. "உங்களுக்கு யாரு சொன்னது?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் ராட்டையை விட்டுத் தலை நிமிரவில்லை. விலை இறங்கியது.

என் கணவர் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் பத்திரம் எழுதுகிறவர் கிணற்றை விட்டுவிட்டார். "பாதிக் கிணத்த எப்பிடிம்மா எழுதறது?" என்று சலித்துக்கொண்டார்.

"முழுசா எழுதிட்டு, பாதின்னு போடுங்க. பேஜார் பண்ணாதீங்க" என்றார் அண்ணி. எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

பிறகு ரிப்பேர் வேலை. என் கணவருக்கு முதலில் முன்கூடத்துக்கு நீல டிஸ்டெம்பர் அடித்துவிட வேண்டும், ஆபீஸ்காரர்கள் வருவார்களாம். "தல நனைஞ்சிகினு கீது, உனுக்கு மூஞ்சிக்குப் பவுடரா?" என்று அண்ணி அதை நிறுத்தினார். தளம் முதலில், சுவர் காய்ந்த பிறகு பூச்சு, கடைசியில்தான் வர்ணம் என்று முடிவாயிற்று.

மேஸ்திரி வந்து வைத்தியர் மாதிரி ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தார். எதைத் தட்டினாலும், "இது தாங்காதுங்க. இடிச்சிட்டு ஜல்தியா புதுசா கட்டிடலாம்" என்றார். என் கணவர் அண்ணாந்து பார்த்துக் கூரையின் விரிசலை மேஸ்திரிக்குக் காட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து, தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார். இடுப்புவரை காணவில்லை. அடி ஒன்றும் படவில்லை. கூரையைக் காட்டிய விரல் மட்டும் அப்படியே நின்றது.

"மொதல்ல இந்தக் குழிய மூடணுங்க. நாலஞ்சி வண்டி மண்ணு புடிக்கும்" என்றார் மேஸ்திரி.

"குழிய மூட நாம ஏன் துட்டு குடுக்கணும்? குழிக்கு ஒருத்தன் நமக்கு வாடகை குடுப்பான்" என்றார் அண்ணி.

அப்படியே நடந்தது. தறி போட இடம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தத் தெருவில் குறைவே இல்லை. ஒரு இளம் தம்பதி முன்கூடத்தைக் கேட்டு வந்தார்கள். அவர்கள் கொடுத்த முன்பணம் தளத்துச் சுண்ணாம்புக்கு உதவியது. ஆபீஸ்காரர்களை இவர் பின்கட்டில் உட்காரவைத்து உபசரிக்க வேண்டியதாயிற்று.

தளத்துச் சுண்ணாம்பில் கலக்கக் கடுக்காயும் வெல்லமும் வாங்கிப் போட்டிருந்தோம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரப்பலகையால் தளத்தைத் தட்டிக்கொண்டிருக்க, கீழே வெல்லம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. அண்ணி மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார்.

"எறும்புங்கம்மா" என்றார் அவர்.

"எந்த எறும்புயா உருண்ட உருண்டயா தூக்கிகினு போவுது?"

அந்த நேரம் பார்த்துச் சாக்குக்குப் பின்னாலிருந்து என் கணவர் எழுந்து வந்தார். மீசையில் வெல்லத் துணுக்கு. மேஸ்திரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போனார். அப்புறம் அவர் எந்தச் சுவரையும் இடிக்கச் சொல்லவில்லை, அண்ணியும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை.

அடுத்த மழைக்கு அந்த மூலையில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. படங்களை எல்லாம் கழற்றிக் கூடத்துக்கு ஒன்று, அறைக்கு ஒன்று என்று பிரித்து மாட்டினோம்.

எண்பதுகளில் ஆரணியில் ஆளாளுக்கு வீடு வாங்கத் தொடங்கியபோது, இவர் ஆபீஸில் பெரிய நிபுணராகிவிட்டார். "வீட்ட மழை விட்ட மறுநாள் போய்ப் பாக்கணும். படத்த எடுத்துட்டு சுவர பாருங்க. ஓதம் மேல இருந்து வந்தா பயமில்ல, அடில இருந்து வந்தா வாங்காதீங்க. கிணறு இருந்தா பத்திரத்துல கிணறு வரணும். தளத்த முடிக்காம பெயிண்ட தொடாதீங்க" என்று பின்கட்டில் உட்கார்ந்து பாடம் எடுப்பார். எல்லாம் அவரே கண்டுபிடித்தது போல இருக்கும்.

ஒரு நாள் அதை உள்ளேயிருந்து கேட்ட அண்ணி என் காதருகே, "எவ்ளோ தெரிஞ்சி வெச்சிகினு கீறான் பாரு என் தம்பி!" என்றார்.

என் கணவர் பேச்சைக் கேட்டு ஆபீஸ்காரர் ஒருவர் தெள்ளாரில் வீடு வாங்கினார். வீடு நன்றாக அமைந்துவிட்டதென்று ஒரு பெரிய பெட்டி நிறைய மைசூர்பாகு கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார். வந்தவர் தெருமுனை தாண்டியதும் அண்ணி பெட்டியை வாங்கிக்கொண்டார். நிபுணருக்கு என்று ஒரே ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். மீதியை நாங்கள் இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து தின்று தீர்த்தோம்.