பெருவாஸ் மரத்தடி விளக்கு

எங்கள் கொல்லையில் நிற்கும் மரத்தின் சரியான பேர் ஊரில் யாருக்கும் தெரியாது. ஒரத்தநாட்டுப் பக்கம் வேறெங்கும் அந்த இலையைப் பார்த்ததில்லை என்பார்கள். மாவிலையைவிடத் தடிப்பாக, எண்ணெய் தடவினாற்போல் கரும்பச்சையாக இருக்கும். கிளையை ஒடித்தால் வெள்ளையாகப் பால் வரும். சில வருஷங்களுக்கு முன் அடித்த பெரிய புயலில் எங்கள் தெருவில் ஒரு தென்னை மிஞ்சவில்லை. இது மட்டும் இரண்டு கிளைகளைக் கொடுத்துவிட்டு நின்றது. 'மலேயாக்காரி மரம்' என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அதன் பேர் பெருவாஸ். அதை நட்டவரைப் பற்றி நான் நாற்பது வருஷத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தை இப்போது எழுதுகிறேன்.

நட்டவர் என் அண்ணி. அண்ணன் மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, வேலை பார்த்தபோது, அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அயல்நாட்டார் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அங்கே சட்டம் வந்ததும் இருவரும் கப்பலேறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார்கள். அண்ணியின் கையில் ஒரு பால்மாவு டின். அதில் ஒரு சாண் உயரக் கன்று. அம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் மலேயாவுலேருந்து தங்கம் கொண்டாருவாங்க. இவ டின்னுல மண்ணு கொண்டாந்திருக்கா" என்றார். அண்ணியும் சேர்ந்து சிரித்தார்.

நான் அப்போதுதான் சரித்திர வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். சோழர்கள் கப்பல் விட்ட கதையை எந்த மேடையில் கேட்டாலும் பேசுவேன். அண்ணியின் ஊர்ப் பேரே அந்த மரத்தின் பேர்தான். அதே இடத்தில்தான் முன்னொரு காலத்தில் கங்கா நகரம் என்று ஒரு ராஜ்யம் இருந்ததாக அங்குள்ளவர்கள் சொல்வார்களாம். கடல் தாண்டி ஒரு படை வந்தது. யானைமேல் இருந்த ராஜா அம்பு பட்டு விழுந்தார். அரண்மனை மண்ணோடு மண்ணாகப் போயிற்று. எஞ்சி நின்றது அந்த மரம் மட்டும். பக்கத்து வீட்டு மலாய்க் கிழவர் சொல்லி, அண்ணி சிறு வயதில் கேட்ட கதை அது.

"அந்தப் படையே எங்க ஊருப் படைதான் அண்ணி. ஒங்க ஊர இடிச்சதே நாங்கதான்" என்று சீண்டுவேன்.

"இடிச்சவங்க வீட்டுப் பேரப்புள்ளைங்கதான் தம்பி அங்க போய் ரப்பர் பால் வெட்டிக்கிட்டுக் கெடக்கோம். ஒங்க ராஜா கப்பல்ல மேல் தட்டுல வந்தாரு, எங்க தாத்தா அடித்தட்டுல வந்தாரு. அவ்ளோதான்."

"கங்கா நகரம்னு எங்க கல்வெட்டுல பேரே இல்லியே. கடாரம் இருக்கு. மத்த ஊரெல்லாம் இருக்கு. இது வெறும் கதை."

"கல்லுல இல்லேன்னா நடக்கலன்னு ஆயிடுமா?"

வாத்தியாரையே மடக்கிவிட்டதைப் பார்த்து அண்ணனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர் அண்ணி. என்னுடைய எந்தப் பேச்சுக்கும் அந்த வீட்டில் சரியாகப் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். இதைச் சொல்லிவிட்டு மேலே எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வருஷங்கள் போயின. அண்ணிக்குக் குழந்தை இல்லை. அம்மாவின் பேச்சு மாறியது. அண்ணனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று உறவில் பேச ஆரம்பித்தார்கள். ஒரு நாள் அண்ணன் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனார். அங்கே ஒரு டாக்டரிடம் தனக்கான பரிசோதனையை முன்பே முடித்திருந்தார். வந்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொன்னவன் நான். குறை அவரிடம்தான்; பிள்ளை பிறக்க வழியில்லை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது.

அண்ணன் புது ஆற்றுப் பாலத்தில் நின்று தாளை நான்காகக் கிழித்துத் தண்ணீரில் போட்டார்.

"அம்மா காதுக்குப் போகக் கூடாதுடா. அவ காதுக்கும் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். என்னைப் படிக்க வைத்தவர் அவர். அந்த நன்றியை ஒரு காரணமாகப் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று அப்படிச் சொல்ல முடியவில்லை. சத்தியம் அண்ணனைக் காப்பாற்றியது; அந்த வீட்டில் யாருடைய இடம் பறிபோகும் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

மரம் வளர்ந்து எட்டாவதோ ஒன்பதாவதோ வருஷம் பூத்தது. சிறிய வெளிர்மஞ்சள் பூக்கள். எல்லாம் கொட்டின. அடுத்த வருஷமும் அப்படியே. அம்மா, "மெரட்டிப் பாத்துடலாம்" என்றார்.

எங்கள் பக்கம் காய்க்காத மரத்துக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் அரிவாளோடு போய், வெட்டப்போகிறேன் என்று மரத்தை மிரட்ட வேண்டும். இன்னொருவர் மரத்துக்காகப் பரிந்து, "விட்டுடுங்க, அடுத்த வருஷம் காய்ச்சிடும்" என்று கெஞ்ச வேண்டும். அரிவாள்காரர் போனால் போகிறது என்று இறங்கி வருவார். அக்கம்பக்கத்தார் கூடிச் சிரிப்பார்கள். பெரும்பாலும் விளையாட்டுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. அரிவாள் என் கையில். நட்டவர் என்பதால் கெஞ்ச வேண்டியவர் அண்ணி. பத்துப் பதினைந்து பெண்கள் கொல்லையில் கூடியிருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு மேடைக் குரல் வந்துவிட்டது.

"கடல் தாண்டி வந்தே. எடத்த அடைச்சுக்கிட்டு நிக்கிற. எத்தன வருஷமா தண்ணி ஊத்துறோம்? பூக்குற, கொட்டுற. ஒரு பிஞ்சு உண்டா? ஒன்னால இந்த வீட்டுக்கு என்ன புண்ணியம்?"

பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் மரத்திடம் பேசவில்லை என்று. தெரிந்தும் நிறுத்தவில்லை. கைதட்டலுக்குப் பழகிய வாய்.

அண்ணி கெஞ்சவில்லை. முதலில் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என்மேல் நின்றது. நான் முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"வெட்டிடுங்க தம்பி" என்றார்.

சிரிப்பு நின்றுபோயிற்று. இந்த வழக்கத்தில் அப்படி ஒரு பதில் கிடையாது. என்ன செய்வதென்று தெரியாமல் பட்டையில் ஒரு கொத்துப் போட்டேன். வெள்ளையாகப் பால் வழிந்தது. அண்ணி உள்ளே போய்விட்டார்.

அந்த மாதமே பெரியவர்கள் கூடி, இருவரையும் பிரித்துவிடுவது என்று பேசித் தீர்த்தார்கள். அண்ணி மலேசியாவுக்குத் திரும்பினார். நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும் பேச்சு அது. நான் அந்தக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த தை மாதம் அண்ணனுக்கு மறுகல்யாணம் நடந்தது. வந்தவரைச் சின்ன அண்ணி என்று சொல்வோம். அவருக்கும் குழந்தை பிறக்கவில்லை. எப்படிப் பிறக்கும்? ஊர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தது. மலேயாக்காரி வயிறெரிந்து போனாளே, அவள் சாபம் என்றார்கள். சின்ன அண்ணி அதை நம்பினார். வெள்ளிதோறும் அந்த மரத்தடியில் ஒரு அகல் விளக்கு ஏற்றி, முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அம்மா போய்ச் சேர்ந்தார். அண்ணனும் போய்விட்டார். விளக்கு மட்டும் நிற்கவில்லை. பாகம் பிரித்தபின் வீட்டின் ஒரு பாதியில் நானும் மறு பாதியில் சின்ன அண்ணியும் இருக்கிறோம். கொல்லை பொது. வெள்ளிதோறும் அந்த விளக்கை என் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் தாவரவியல் பாடம் நடத்தும் நண்பர் ஒருவர் வந்தார். பூவைப் பிரித்துப் பார்த்தார். "சார், இது ஆண் மரம். நீங்க அரிவாள் இல்ல, பீரங்கியே கொண்டாந்து மெரட்டினாலும் காய்க்காது" என்று சிரித்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

போன மாசியில் மலேசியாவிலிருந்து கோயில் பார்க்க வந்த ஒரு பெண்மணி விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணியின் தம்பி மகள். "மரம் இருக்கான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க அத்தை" என்றார். அண்ணி உயிரோடு இருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தம்பி மகள் மரத்தடியில் நின்றபடி அண்ணியை வீடியோவில் கூப்பிட்டார். "சத்தமா பேசணும் மாமா. அத்தைக்குக் காது சரியா கேக்காது."

திரையில் நரைத்த, ஒட்ட வெட்டிய தலை. சிரிப்பு அதேதான்.

"யாரு, தம்பியா? தலையில ஒண்ணையும் காணோமே! மரத்தக் காட்டுங்க. காய்ச்சுதா?"

"இல்ல அண்ணி. அது ஆண் மரமாம்."

தம்பி மகள் உரக்கத் திருப்பிச் சொன்னார். அண்ணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அப்ப அது மேல தப்பு இல்ல" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அண்ணி, ஒங்க மேலயும் தப்பு இல்ல. டாக்டர் எழுதின தாள நான்தான் படிச்சேன். கொற அண்ணன்கிட்டதான்" என்றேன்.

"என்னாது?"

இன்னும் சத்தமாகச் சொன்னேன். கேட்கவில்லை. மூன்றாம் முறை கத்தினேன். தம்பி மகள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, போனை வாயருகே கொண்டுபோய்ச் சொன்னார்: "கொற பெரிய மாமாகிட்டதானாம் அத்தை. உங்ககிட்ட இல்லியாம்."



"தெரியும்" என்றார் அண்ணி. "அருவாளோட நின்னீங்களே, அன்னைக்கு ஒங்க மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சு போச்சு. நீங்க சொல்லுவீங்கன்னு கப்பல் ஏறுற வரைக்கும் பாத்தேன். இப்ப எங்கிட்ட சொல்லி என்ன தம்பி? அங்க இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க."

திரும்பினேன். கொல்லைக் கதவருகே சின்ன அண்ணி நின்றிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை. ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம், மறு கையில் திரி. மூன்று முறை கத்தியதில் ஒன்றையும் அவர் விட்டிருக்க மாட்டார்.

"நாப்பது வருஷம்" என்றார். "யாருகிட்ட மன்னிப்புக் கேட்டேன், எதுக்குக் கேட்டேன்? நீங்க ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. எண்ணெயைக் கீழே கொட்டவும் இல்லை. வந்த மலேசியாப் பெண்ணைப் பார்த்து, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தோடு உள்ளே போனார். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை.

அன்று கொல்லையில் நின்று சிரித்த பெண்களில் இரண்டு பேர்தான் இன்று ஊரில் இருக்கிறார்கள். இருவர் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். ஒருவருக்கு நினைவே இல்லை. இன்னொருவர், "இப்ப எதுக்கு வாத்தியாரே இதெல்லாம்?" என்று கேட்டார். அதனால் எழுதிவைக்கிறேன்.

மரம் இந்த வருஷமும் பூத்துக் கொட்டியிருக்கிறது. விளக்கு வைத்த இடத்தில் எண்ணெய்க் கறை படிந்த செங்கல் ஒன்று கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அங்கே யாரும் வருவதில்லை.