வலிக்காமல் வந்த அடைப்பு

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவரை எல்லாரும் மாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் தரையில் கால் வைப்பார். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், பரிசோதனையைத் தட்டிக்கழிப்பார். "தினம் நூத்தம்பது அடி ஏணி ஏறுறவனுக்கு என்ன வந்துடும்?" என்று மனைவியின் வாயை அடைத்துவிடுவார்.

அன்று பத்தரை மணிக்கு, கிரேன் கொக்கியில் ஒரு கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது அவருக்கு வியர்த்துக் கொட்டியது. நெஞ்சில் வலி ஏதும் இல்லை. சர்க்கரை இறங்கிவிட்டது போல என்று நினைத்து ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். வியர்வை நிற்கவில்லை. தாடை கனத்தது. மூச்சு பாதியிலேயே நின்றது.

கீழே வயர்லெஸ்ஸோடு நின்று வழி சொல்கிறவர் மனைவியின் தம்பி.

"ஏன் மச்சான் நிறுத்திட்டீங்க? இடது பக்கம் திருப்புங்க."

"மாப்ள... கீழ யாரும் நிக்க வேணாம். எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லு."

அந்தக் குரலைக் கேட்டதும் மைத்துனர் கத்தி எல்லாரையும் விரட்டினார்.

கண் இருட்டிக்கொண்டு வந்தும் மாடிக்காரர் கைப்பிடியை விடவில்லை. கம்பிக்கட்டு மெல்ல மெல்ல இறங்கி மண்ணைத் தொட்டது. அதன் பிறகு வயர்லெஸ்ஸில் பதில் இல்லை.

உயரம் என்றாலே ஆகாத மைத்துனர், கீழே பார்க்காமல் ஏறினார். மாடிக்காரர் இருக்கையில் சரிந்து கிடந்தார், நினைவு இருந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து அவரைக் கயிறு கட்டி இறக்க நாற்பது நிமிடம் ஆனது.

"கண்ணை மூடாதீங்க மச்சான். என்னைத் திட்டவாவது செய்யுங்க."

"அதுக்குத்தான்... உங்கக்கா இருக்காளே."

மருத்துவமனையில் டாக்டர் மனைவியிடம் சொன்னார்: "சர்க்கரை ரொம்ப நாள் இருந்தா ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள கொழுப்பு படிஞ்சு குறுகிடும்மா. ரத்தமும் சுலபமா உறையும். அப்படி உறைஞ்ச கட்டி ஒண்ணு இதயத்துக்குப் போற குழாயை அடைச்சிருக்கு. சர்க்கரையால நரம்பு மரத்துப்போனதுனால வலி தெரியல."

"வலிச்சிருந்தா அப்பவே இறங்கியிருப்பாரே டாக்டர்."

சிகிச்சைக்குச் சம்மதம் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டிய தாளை டாக்டர் நீட்டினார். அவள் அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அடைப்பை நீக்கி, குழாய் மறுபடி சுருங்காமலிருக்க உள்ளே ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழல் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. கிரேனில் ஏற இனி அனுமதி கிடையாது. மூன்று மாதம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அதே இடத்தில், சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. அதனால் சவரம் செய்யும்போது சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் நிற்க நேரமாகிறது. அப்போது பஞ்சோடு வந்து நிற்கும் மனைவி என்ன சொன்னாலும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்கிறார்.