போலந்தில் பதினொரு ஜெர்மன் கல்லறைகள்

சனிக்கிழமை காலை ஸ்டான்ஸ்டெட்டில் விமானம் ஏறினோம்: நான், என் கணவர், மார்த்தா. லூயிஷாமில் முதியோர் இல்லமொன்றில் என்னோடு ஷிப்ட் செய்யும் போலந்துக்காரி அவள். வ்ரோத்ஸ்வாவில் இறங்கி, காரில் எழுபது கிலோமீட்டர் போனால் அவள் ஊர். முப்பது வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு கடை.

1945 வரை இது ஜெர்மன் ஊர். போர் முடிந்ததும் இருந்தவர்களைத் துரத்தினார்கள். கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட போலந்துக்காரர்களை அந்த வீடுகளில் குடியேற்றினார்கள். மார்த்தாவின் தாத்தா அப்படி வந்தவர். வீட்டு வாசலுக்கு மேலே ஜெர்மன் எழுத்து தெரிந்தது.

"வெள்ளையடிக்கவில்லையா?"

"எத்தனையோ தரம் அடித்தோம். திரும்பத் திரும்பத் தெரிகிறது. இப்போது விட்டுவிட்டோம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை, தேவாலயத்தின் பின்னால் டிராக்டர் சத்தம். கொடி மூடிக் கிடந்த பதினொரு ஜெர்மன் கல்லறைகளை அகற்றிக் கார் நிறுத்துமிடம் ஆக்கப் போகிறார்களாம். மார்த்தா சப்பாத்தும் போடாமல் ஓடிப்போய் டிராக்டருக்கு முன்னால் நின்றாள். ஓட்டி வந்த பக்கத்து வீட்டு ஸ்டாஷெக் கத்தினான்.

"இவர்கள் நமக்கு யார், கேட்க ஒரு சொந்தமும் வருவதில்லையே என்கிறான்" என்று எங்களுக்குச் சொன்னாள்.

ஊரில், போரில் இறந்த என் தம்பியையும் மற்றப் பிள்ளைகளையும் புதைத்த இடத்தை ராணுவம் புல்டோசர் விட்டுத்தான் உழுதது. எங்கே பூ வைப்பதென்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நான் போய் மார்த்தாவின் பக்கத்தில் நின்றேன்.

"உமக்கேன் இந்த வில்லங்கம்? இங்கால வாரும்" என்றார் என் கணவர்.

"நான் வரமாட்டன். அண்டைக்கு எங்கட பிள்ளையளுக்கு முன்னால நிக்க ஒருத்தரும் இருக்கேல்லை. இண்டைக்கு நான் நிக்கிறன். ஏலுமெண்டால் ஏத்தச் சொல்லுங்கோ."

அவர் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்து எனக்கு மற்றப் பக்கம் நின்றார்.

தம்பியின் கதையை மார்த்தா ஸ்டாஷெக்குக்குச் சொன்னாள். அவன் இளகவில்லை. "கோடையில் ஊர்க்கூட்டம் முடிவு செய்யும்" என்று காறித் துப்பிவிட்டு டிராக்டரைத் திருப்பினான்.

அன்று பின்னேரம் மூவருமாகக் கொடிகளை வெட்டினோம். ஒரு கல்லில் ஹில்டெ என்று பெயர் இருந்தது. சத்தமாக வாசித்தேன்.

மறுநாள் லண்டன் திரும்பினோம். கூட்டத்தில் கற்களை எடுக்கத்தான் அதிகம் கைகள் உயரும் என்கிறாள் மார்த்தா. உயரட்டும். கூட்டம் நடக்கும் வாரத்துக்கு நானும் என் கணவரும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டோம்.